தேநீர் மேசைச் சொற்கள்: பினாங்கு விருந்தோம்பலில் தமிழின் இடம்

முன்னுரை

வீட்டுக்கு வந்தவருக்குத் தேநீர் தருதல் மிகச் சிறிய செயல். ஆயினும், அச்செயலில் இடம்பெறும் பொருள்களின் பெயர்களையும் வினைகளின் பெயர்களையும் வரிசையாக எழுதிப் பார்ப்போமாயின், ஒரு துறைமுக நகரத்தின் வரலாறே அவ்வரிசையில் விளங்கக் காணலாம். 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவை ஆங்கிலேயர்க்காகக் கைக்கொண்ட காலம் தொட்டு, ஜார்ஜ்டவுன் நகரில் தமிழும் மலாயும் ஹொக்கியன் சீனமும் ஆங்கிலமும் அடுத்தடுத்த வாசல்களில் ஒலித்து வருகின்றன. அவ்வாசல்களைக் கடந்து உள்ளே சென்று, மேசையின்மீது வைக்கப்பட்டிருப்பவற்றை மொழியியல் நோக்கில் காண்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

நாம் நிறுவ விரும்பும் கருத்து ஒன்றே. தேநீர் மேசையில் உள்ள பொருள்களின் பெயர்களுள் பல கடல்வழி வந்தவை. அங்கு நிகழும் செயல்களின் பெயர்களோ பெரும்பாலும் தமிழ் வேரில் கிளைத்தவை. இவ்விரண்டையும் சேர்த்துக் கற்பிக்கும்போதுதான் நம் வீட்டு மொழியின் முழு உருவம் மாணவர்க்குப் புலப்படும்.

வசந்தம் இல்லாத ஊரில் வசந்த விருந்து

மேனாட்டார் குளிர்காலம் நீங்கியதும் தோட்டத்தில் மேசையிட்டு, பழைய பீங்கான் கலங்களை எடுத்து வைத்துத் தேநீர் விருந்து நடத்துவது வழக்கம். பிற்பகல் தேநீர் என்னும் ஏற்பாடு 1840களில் பெட்ஃபர்டு கோமாட்டி ஆன்னாவின் வழக்கத்தால் இங்கிலாந்தில் பரவியது என்பர். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 5 பாகையில் உள்ள பினாங்குக்குக் குளிர்காலமும் இல்லை; ஆதலின் அதனைத் தொடரும் வசந்தமும் இல்லை. எனினும் வசந்தத்தின் பெயரால் இங்கு இரு விழாக்கள் வருகின்றன. சனவரி, பிப்ரவரித் திங்களில் வரும் சீனப் புத்தாண்டுக்கு அவர்கள் மொழியில் வசந்த விழா என்று பெயர். தமிழர்க்கோ சித்திரையும் வைகாசியும் இளவேனில். முதிராத வெப்பம் எனப் பொருள்படும் இளவேனில் என்னும் சொல், பனி உருகும் நாட்டு வசந்தத்தினும் நம் ஊருக்கு நெருக்கமானது என்பதை மாணவர் எளிதில் உணர்வர்.

ஆகவே, இங்கு விருந்துக் காலத்தை முடிவு செய்வது வானிலையன்று, விழாவே. சீனப் புத்தாண்டு, சித்திரைப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி என ஆண்டு முழுதும் வாசல் திறக்கிறது. 'திறந்த இல்ல உபசரிப்பு' என நம் நாளேடுகள் எழுதுவது, மலாயில் 'ரூமா தெர்புக்கா' எனப்படுவதன் நேர்வடிவம். தொடர் புதிது, கருத்து பழைது. திருக்குறளின் 9ஆம் அதிகாரமாகிய விருந்தோம்பலில் 'விருந்து' என்பது உணவைக் குறிக்கவில்லை. வந்த மனிதரைக் குறிக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியலோ அச்சொல்லைப் புதுமை என்னும் பொருளில் ஆள்கிறது. புதுமை, புதியவர், புதியவர்க்கு இடும் உணவு எனப் பொருள் நகர்ந்து வந்திருக்கிறது. அறியாதவர் ஒருவர் வீட்டுக்குள் வரும்போது நிகழ்வதையே அச்சொல் முதலில் கருதிற்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

'தே' என்னும் ஓரெழுத்து

சீன எழுத்தில் தேயிலையைக் குறிப்பது ஒரே குறி. அதனை ஃபூஜியன் கடற்கரையின் ஹொக்கியன் மக்கள் 'தே' என்று ஒலிப்பர். கன்டோனியர் 'சா' என்பர். ஃபூஜியன் வணிகரோடு தொடர்புகொண்ட டச்சுக்காரர் முதலியோர் வழியாகத் 'தே' ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்குச் சென்றது. மக்காவில் இருந்த போர்த்துக்கீசியர் 'சா' என்பதை எடுத்துக்கொண்டனர். தரைவழி வணிகத்தில் பாரசீகம் 'சாய்' என்றது. இந்தியின் 'சாய்', மலையாளத்தின் 'சாயா', தமிழ் முஸ்லிம்களின் பேச்சில் பயிலும் 'சாயா' ஆகியவை இப்பக்கத்துக் கிளைகள். மலாயின் 'தே'யும் தமிழ்த் 'தேயிலை'யின் முதலுறுப்பும் கடற்பக்கத்துக் கிளைகள். ஹொக்கியன் பெருவழக்காக உள்ள ஜார்ஜ்டவுனில், மூலச்சொல்லும் அதன் வழிவந்த சொல்லும் ஒரே கடையில் ஒருசேர ஒலிப்பதைக் கேட்கலாம்.

இங்கு ஆசிரியர்க்குப் பயன்படும் இலக்கணக் குறிப்பு ஒன்று உண்டு. 'தேய்ந்த இலை தேயிலை' எனச் சிலர் விளக்குவர். தே+இலை என்றாலும் தேய்+இலை என்றாலும் புணர்ந்த வடிவம் தேயிலையே ஆதலின், அச்சொல்லை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது. 'தேநீர்' என்பதை நோக்கினால் ஐயம் தீரும். தேய்+நீர் 'தேய்நீர்' ஆகியிருக்கும். தேன்+நீர் 'தேனீர்' ஆகும். அது தேன் கலந்த நீர். றன்னகர னகரம் இட்டுத் 'தேனீர்' என எழுதும் பிழை கடைப்பலகைகளில் மட்டுமன்றி மாணவர் கட்டுரைகளிலும் காணப்படுகிறது. 'தே' தனிச்சொல் என்று உணர்ந்தவர் அப்பிழையைச் செய்யார்.

பினாங்குக் கடைகளில் 'தே ஓ கோசோங்' என்று கேட்பவர் மூன்று சொற்களில் இரு மொழிகளைப் பேசுகிறார். 'ஓ' ஹொக்கியனில் கறுப்பு, பாலில்லாதது. 'கோசோங்' மலாயில் வெறுமை, சீனியில்லாதது. அச்சீனியும் சீன நாட்டின் பெயரைத் தாங்கிய சொல்லே. சீனச் சட்டியும் அவ்வாறே. ஆங்கிலேயரோ பீங்கானுக்கு அந்நாட்டின் பெயரை இட்டனர்.

கண்ணாடி அலமாரியில் உள்ளவை

சர்ச் தெருவில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பெற்ற பெருவீடு ஒன்று இன்று பினாங்கு பெரானாக்கான் மாளிகை என்னும் அருங்காட்சியகமாக விளங்குகிறது. அங்குள்ள அலமாரிகளில் நோன்யா பீங்கான்கள் எனப்படுபவை காட்சிக்கு உள்ளன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நீரிணைக் குடியேற்றங்களின் செல்வச் சீனக் குடும்பங்கள், சீனத்தின் ஜிங்தெசென் சூளைகளில் சொல்லிச் செய்வித்த கலங்கள் அவை. இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் வண்ணங்களில் ஃபீனிக்ஸ் பறவையும் பியோனி மலரும் தீட்டப்பட்டிருக்கும். பியோனி வசந்தத்தின் மலர். பினாங்கு மண்ணில் பூவாதது. இவ்வூரார் அவ்வசந்தத்தைப் பீங்கானிலேயே கண்டனர். திருமணத்தன்று மணமக்கள் மூத்தோர்க்குத் தேநீர் ஏந்தி வணங்கும் சடங்கும் சிறு கிண்ணங்களைக் கொண்டே நிகழும். ஐரோப்பியர் பாணி மேசையைக் காண விழைவோர், 1885இல் சார்க்கீஸ் சகோதரர்கள் என்னும் ஆர்மீனியர் தொடங்கிய ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் விடுதிக்குச் செல்வர்.

தமிழர் வீடுகளின் கண்ணாடி அலமாரி இவ்வளவு செல்வம் உடையதன்று. இனாமல் தட்டுகள், பூப்போட்ட கோப்பைகள், அடுக்குப் பாத்திரம், பித்தளைச் செம்பு, பின்னர் வந்த எவர்சில்வர் ஆகியவையே அதில் உள்ளவை. ஆயினும் அவற்றின் பெயர்களில் செல்வம் மிகுதி. 'அலமாரி'யும் 'மேசை'யும் 'கோப்பை'யும் போர்த்துக்கீசியச் சொற்கள். அலமாரியும் மேசையும் மலாயிலும் 'அல்மாரி', 'மேஜா' எனப் புகுந்துள்ளன. 'பீங்கான்' பாரசீகத்துப் 'பிங்கா'னோடும் மலாய்ப் 'பிங்கா'னோடும் உறவுடையது. நம் தோட்டப்புறத் தமிழில் வழங்கும் 'மங்கு' மலாய் 'மங்குக்' என்பதோடு இணைவது. ரப்பர் மரத்தில் பால் வடியும் கிண்ணத்துக்கும் அதுவே பெயர். காலையில் மரத்தடியிலும் மாலையில் வீட்டுத் திண்ணையிலும் ஒரே சொல் உழைத்திருக்கிறது. 'செம்பு' என்பதோ உலோகத்தின் பெயரால் அமைந்த தமிழ்ச்சொல். இன்று எவர்சில்வரால் செய்தாலும் அது செம்புதான்.

இவற்றுள் வியப்புக்குரியது கோப்பையின் கீழ் வைக்கும் சிறு தட்டின் பெயராகும். மலாயில் தட்டைக் குறிக்கும் 'பீரிங்' என்னும் சொல்லைப் போர்த்துக்கீசியர் எடுத்துச் சென்று 'பீரஷ்' என்றாக்கினர். அவர்கள் ஆண்ட இலங்கையில் அச்சொல் சிங்களத்தில் 'பீரிசிய' எனவும் தமிழில் 'பீரிசு' எனவும் நிலைபெற்றது. மலாய்க் கடலில் புறப்பட்ட சொல் ஐரோப்பியர் நாவழியாக யாழ்ப்பாணத்துத் தமிழ் வீட்டை அடைந்தது. அவ்வீட்டாருள் சிலர் பின்னாளில் மலாயாவுக்குப் பணிக்கு வந்தபோது, தம் பீரிசின் மூதாதை இங்கே பீரிங் என வாழ்வதைக் கேட்டிருப்பர்.

நாம் பெற்றது மட்டுமன்று, கொடுத்ததும் உண்டு. மலாயின் 'கெடாய்' நம் கடை. 'அப்பாம்' நம் அப்பம். நோன்யாப் பலகாரமாகிய 'குவே தாலாம்', 'தாலாம்' எனப்படும் தாம்பாளத்தின் பெயரால் அமைந்தது. தாலம் என நம் இலக்கியம் அறிந்த சொல்லோடு அது ஒன்றுபடுவது கருதத்தக்கது.

ஊற்றுதல், ஆற்றுதல், பசியாறுதல்

இனி வினைகளுக்கு வருவோம். ஊற்றுதல், கலக்குதல், ஆற்றுதல், பருகுதல், பரிமாறுதல், ஓம்புதல் ஆகிய அனைத்தும் தமிழ் வினைகள். கோப்பையைக் கடன் வாங்கிய தமிழர், அதில் ஊற்றும் தொழிலுக்குக் கடன் வாங்கவில்லை. உலக மொழிகளில் பெயர்ச்சொற்களே எளிதில் கடனாகப் பெறப்படுகின்றன. வினைச்சொற்கள் அருகியே பெறப்படுகின்றன என்பது மொழியியலார் பலர் உடன்படும் பொதுநிலை. நம் தேநீர் மேசை அதற்கு நல்ல சான்று.

'தே தாரேக்' என்னும் பானத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ் முஸ்லிம் உணவுக்கடைகளோடு சேர்த்தே நினைக்கப்படும் பானம் அது. ஒரு குவளையிலிருந்து மற்றொன்றுக்கு உயரத் தூக்கி ஊற்றும் செயலை மலாய் 'தாரேக்', அதாவது இழுத்தல் என்கிறது. கண்ணுக்குத் தோன்றும் வடிவத்தால் பெயரிட்டது. தமிழோ அதனை 'ஆற்றுதல்' என்கிறது. விளையும் பயனால் பெயரிட்டது. ஆறு தன்வினை, ஆற்று பிறவினை. மாறு–மாற்று, ஏறு–ஏற்று என்பன போல றகரம் இரட்டிப் பிறவினையாயிற்று. இவ்வேரிலிருந்தே துயர் தணிக்கும் 'ஆறுதல்' பிறந்தது. புண் ஆறுவதும் சினம் ஆறுவதும் இதனால்தான். மலேசியத் தமிழர் காலை உணவைப் 'பசியாறுதல்' என்பர். வாசலில் நிற்பவரைப் 'பசியாறிவிட்டீர்களா?' என்று கேட்கும் முதியவர், உணவின் பெயரைக் கேட்கவில்லை. உடலின் நிலையைக் கேட்கிறார். தமிழ்நாட்டில் பொதுவழக்கு 'டிபன்' என மாறிய இடத்தில், கடல் கடந்த தமிழ் இவ்வினையைக் காத்து வைத்திருக்கிறது.

'தண்ணீர் கலக்கட்டுமா?' என்னும் நம் வீட்டு வினாவும் அத்தகையது. இங்கு தண்ணீர் என்பது தேநீர், காப்பி அனைத்தையும் அடக்கும். மலாயிலும் நீரைக் குறிக்கும் 'ஆயேர்' பானம் எதற்கும் பெயராகும். பொருள் விரிவு அண்டை மொழியோடு ஒத்தது, வினை தமிழுடையது.

வகுப்பறையில் செய்யத்தக்கது

ஜார்ஜ்டவுனின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் பழைய கோப்பைகளும் அடுக்குப் பாத்திரங்களும் விலைக்கு வருகின்றன. 2008இல் இந்நகரம் மலாக்காவோடு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பின் பழம்பொருள்களின் மதிப்பு கூடிற்று. ஆனால், கலத்துக்கு விலை சொல்பவர் அதன் பெயருக்கு விலை சொல்வதில்லை. பாட்டியின் அலமாரி காலியாகும் நாளில், 'மங்கு' என்று சொல்லி நீட்ட ஒரு மங்கும் இராது. அச்சொல்லைக் கேட்டு வளரும் பேரனும் இரான்.

இதனை விரைவுபடுத்துவது வகுப்பறையின் சிவப்பு மையாக இருத்தல் கூடாது. மாணவர் 'மங்கு' என எழுதினால் அடித்துக் 'குவளை' எனத் திருத்துவோர் உளர். குவளை அழகிய சொல். மலருக்கும் கலத்துக்கும் பெயராக நிற்பது. அதனைக் கற்பிப்பது கடமை. ஆயினும், ஒன்றைக் கற்பிக்க மற்றொன்றைப் பிழை என்றல் வேண்டா. மங்கை அடிக்கும் மை, அச்சொல்லோடு வாழ்ந்த ஒரு தலைமுறையின் பேச்சையும் சேர்த்தே அடிக்கிறது. எழுத்து வழக்கு இது, வீட்டு வழக்கு இது என இரண்டையும் அருகருகே எழுதுவதே தக்கது.

ஆசிரியர்களுக்கு எளிய பயிற்சி ஒன்றைப் பரிந்துரைக்கிறோம். மாணவர் தம் வீட்டு மூத்தோரோடு அமர்ந்து தேநீர் அருந்தி, நான்கு பத்திகளில் குறிப்பெழுதட்டும்: பொருள், அதன் வீட்டுப்பெயர், அப்பெயரைச் சொல்பவர் எவ்வூரார், அப்பொருளைக் கொண்டு செய்யும் வினை. முதல் மூன்று பத்திகள் பல நாடுகளைக் காட்டும். நான்காவது பத்தி தமிழைக் காட்டும்.

நிறைவாக ஒன்று. அழைப்பிதழில் 'எங்கள் இல்லத்துக்கு வருக' என்று எழுதுகிறோம். வந்தவர் அமர்ந்ததும் 'நாம் தேநீர் அருந்துவோம்' என்கிறோம். முன்னிலையாரை விலக்கும் 'நாங்கள்', அவரையும் உட்படுத்தும் 'நாம்' என்னும் வேறுபாடு ஆங்கிலத்துக்கு இல்லை. மலாய்க்கு உண்டு: காமி, கீத்தா. ஹொக்கியனுக்கும் உண்டு. ஜார்ஜ்டவுனின் அண்டை வீட்டார் மூவர்க்கும் பொதுவான இலக்கணம் இது. வாசலில் 'நாங்கள்' என்றிருந்தது மேசையில் 'நாம்' ஆவதையே விருந்தோம்பல் என்கிறோம். மாணவர்க்கு அதனை அவ்வாறே விளக்கலாம்.