நிலவை அருகில் அழைத்த கண்ணாடி!

மாலை மணி 4 ஆகிவிட்டது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் யோசெமிட்டி என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே தாடி வைத்த ஒரு பெரியவர் காமிராவை முக்காலியில் பொருத்திக்கொண்டிருந்தார்.

அவருக்கு எதிரே "ஹாப் டோம்" என்னும் மாபெரும் பாறை மலை. கடல் மட்டத்துக்கு மேல் 8,800 அடியையும் தாண்டிய உயரம். உருண்டைக் குன்று ஒன்றை நடுவில் வெட்டி, ஒரு பாதியை எடுத்துவிட்டது போல் இருக்கும். "பாதிக் குவிமாடம்" என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருள்.

மலையின் முகத்தில் மாலை வெயில் பட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் வெள்ளை நிலவு எழுந்து நின்றது. ஆனால் நிழலும் ஏறிக்கொண்டிருந்தது. நிலவும் சும்மா நிற்கவில்லை. தன் அகலத்தைப் போல் ஒரு மடங்கு தூரம் நகர, நிலவுக்கு 2 நிமிடமே போதும். தாமதித்தால் அந்தக் காட்சி கலைந்துவிடும்.

பெரியவர் விசையை அழுத்தினார். படம் விழுந்தது!

அவர்தான் ஆன்செல் ஆடம்ஸ். உலகப் புகழ் பெற்ற புகைப்படக் கலைஞர். அப்போது அவருக்கு வயது 58. "நிலவும் ஹாப் டோமும்" என்ற அந்தப் படம் எடுக்கப்பட்ட ஆண்டு 1960.

மூன்று மடங்கு

இயற்கைக் காட்சி என்றால் அகலமாக எடுக்கவேண்டும். மலை, மரம், ஆறு, வானம் எல்லாம் ஒரே படத்தில் வரவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு அகலக் கோண லென்ஸ்தான் ஏற்றது என்பது அவர்கள் எண்ணம்.

ஆடம்ஸ் அன்று அப்படிச் செய்யவில்லை. அவர் காமிராவுக்கு வழக்கமான லென்ஸ் 80 மில்லி மீட்டர். அவர் பொருத்தியதோ 250 மில்லி மீட்டர். அதாவது, எதிரே உள்ளதை மூன்று மடங்கு பெரிதாக்கிக் காட்டும் தொலைக்காட்சி லென்ஸ். இதைத்தான் "டெலிபோட்டோ" என்கிறார்கள்.

அந்த லென்ஸ் பள்ளத்தாக்கு முழுவதையும் காட்டாது. வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை வெட்டிவிடும். ஒரு மலை, ஒரு நிலவு, கொஞ்சம் நிழல். அவ்வளவுதான்! அதனால்தான் அந்தப் படம் மனதில் நிற்கிறது.

கடுகான நிலவு

பௌர்ணமி நிலவைப் படம் பிடித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு ஏமாற்றம் தெரியும். கண்ணுக்குத் தாம்பாளம் போல் தெரிந்த நிலவு, படத்தில் கடுகு போல் விழுந்திருக்கும்.

இது காமிராவின் குற்றம் அல்ல. 50 மில்லி மீட்டர் லென்ஸில், பிலிமில் விழும் நிலவின் அளவு அரை மில்லி மீட்டர்கூட இராது. 250 மில்லி மீட்டர் லென்ஸில் அது 2 மில்லி மீட்டருக்கு மேல் இருக்கும். 500 மில்லி மீட்டர் லென்ஸில் ஏறக்குறைய நாலரை மில்லி மீட்டர். லென்ஸின் எண் வளர வளர, நிலவும் வளரும்.

பின்னால் போகும் வித்தை

நிலவைப் போலவே மலையும் பெரிதாகிவிடுமே, அப்புறம் நிலவு மட்டும் எப்படி எடுப்பாகத் தெரியும் என்று கேட்கலாம். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது!

மலையிலிருந்து ஒரு மைல் தூரத்தில் ஒருவர் நிற்கிறார். அவர் இன்னும் ஒரு மைல் பின்னால் போனால், மலை பாதியாகச் சிறுத்துத் தெரியும். நிலவு சிறுக்குமா? சிறுக்காது. நிலவு இருப்பது சுமார் 3,84,000 கிலோ மீட்டருக்கு அப்பால். ஒரு மைல் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

ஆகவே பின்னால் போகவேண்டும். பிறகு தொலைக்காட்சி லென்ஸால் இரண்டையும் பெரிதாக்கவேண்டும். அப்போது மலை பழைய அளவுக்கு வரும். நிலவோ இரண்டு மடங்காகிவிடும்!

மலைத்தொடர்கள் அடுக்கடுக்காக ஒன்றை ஒன்று ஒட்டியிருப்பது போல் படங்களில் தெரிவதற்கும் இதுவே காரணம். நெருக்கத்தை உண்டாக்குவது தூரம்தான். லென்ஸ் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

நூறு ஆண்டைத் தாண்டியது

இந்த லென்ஸ் நேற்று வந்தது அல்ல. 1891-ம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் டால்மேயர் என்பவர் இதை உருவாக்கினார். அதே ஆண்டில் ஜெர்மனியில் மீத்தே என்பவரும் தனியாக உருவாக்கினார்.

முன்னால் ஒளியைக் குவிக்கும் கண்ணாடி. பின்னால் ஒளியைச் சற்று விரிக்கும் கண்ணாடி. இரண்டும் சேர்ந்ததால் குழாயின் நீளம் குறைந்தது. தூக்கிச் செல்வது எளிதாயிற்று.

ஒரே ஒரு தகடு

ஹாப் டோம் ஆடம்ஸுக்குப் புதிதல்ல. 14-வது வயதில், 1916-ல், பெற்றோருடன் அங்கே போனார். அப்போது அவர்கள் வாங்கிக் கொடுத்த சிறிய காமிராதான் அவரது முதல் காமிரா.

1927-ல் பெரிய காமிராவையும் கண்ணாடித் தகடுகளையும் முதுகில் சுமந்து, அந்த மலையின் அருகில் உள்ள ஒரு பாறை முனைக்கு ஏறினார். மிச்சம் இருந்தவை 2 தகடுகள். முதல் தகட்டை மஞ்சள் வடிகட்டி போட்டு எடுத்தார். மனம் நிறையவில்லை. கடைசித் தகட்டுக்குச் சிவப்பு வடிகட்டி போட்டார். வானம் கறுத்து, மலை கம்பீரமாக எழுந்து நின்றது! அந்தப் படமும் புகழ் பெற்றது.

அன்று அருகில் போனார். 33 ஆண்டுகளுக்குப் பிறகு விலகி நின்றார். மலை ஒன்றுதான். படம் இரண்டும் வேறு வேறு.

தொல்லைகளும் உண்டு

தொலைக்காட்சி லென்ஸ் மலையைப் பெரிதாக்குவது போலக் கை நடுக்கத்தையும் பெரிதாக்கும். ஆகவே முக்காலி அவசியம். காற்று அடித்தால் முக்காலியும் ஆடும்.

தூரத்துக் காட்சியில் புழுதியும் பனிமூட்டமும் திரை போடும். நண்பகலில் தரையிலிருந்து எழும் அனல் காற்றில் மலையே அலைபாயும். அதனால் அதிகாலையே நல்ல நேரம். மழை பெய்து ஓய்ந்த வேளை அதைவிட நல்லது.

நிலவு சொன்ன தேதி

ஆடம்ஸ் 1984-ல் காலமானார். படங்களுக்குத் தேதி குறித்து வைப்பதில் அவர் அக்கறை காட்டாதவர். "நிலவும் ஹாப் டோமும்" எந்த நாளில் எடுத்தது?

டெக்சாஸ் மாநிலத்துப் பேராசிரியர் டொனால்ட் ஓல்சனும் அவருடன் சேர்ந்தவர்களும் அந்தப் படத்தையே சாட்சியாக வைத்துக் கணக்குப் போட்டார்கள். நிலவின் வடிவம், அது நின்ற இடம், பாறையில் விழுந்த நிழல் எல்லாவற்றையும் ஆராய்ந்தார்கள். விடை கிடைத்தது: 1960 டிசம்பர் 28-ந் தேதி, மாலை 4 மணி 14 நிமிடம்! பௌர்ணமிக்கு 4 நாள் முந்திய வளர்பிறை. அதே நிலவும் அதே நிழலும் 1994 டிசம்பர் 13-ந் தேதி மாலையில் மறுபடி கூடிவரும் என்றும் சொன்னார்கள்.

இரண்டுக்கும் இடையே 34 ஆண்டுகள்! ஆடம்ஸ் அன்று ஒரு சில நிமிடம் தயங்கியிருந்தால் அந்தப் படம் இல்லை.

விலை உயர்ந்த லென்ஸ் எல்லோர் வீட்டிலும் இராது. ஆனால் எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று பார்க்கும் கண் யாருக்கும் வரும். வீட்டு வாசலிலிருந்து நாளை நிலவைப் பார்க்கும்போது, நாலடி பின்னால் போய்ப் பாருங்கள். கூரை சிறிதாகும். நிலவு சிறிதாகாது!