பத்துக்குப் பத்து அறையில் ஒரு பாட்டு அரங்கம்!

ஸ்பீக்கருக்குச் செலவழிக்கும் முன் சுவரைக் கவனியுங்கள்

திருவண்ணாமலையில் காதுக்கு ஓய்வு குறைவு. பௌர்ணமி வந்துவிட்டால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை விடிய விடிய விழித்திருக்கும். பேருந்து ஹாரன், கடைகளில் ஒலிக்கும் பக்திப் பாடல், ஒலிபெருக்கி அறிவிப்பு எல்லாம் கலந்து வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். இப்படியொரு ஊரில், சின்ன அறையில் உட்கார்ந்து துல்லியமாகப் பாட்டு கேட்க முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால், அது விலை கூடிய ஸ்பீக்கர் வாங்குவதில் தொடங்குவதில்லை. கடையில் அற்புதமாகக் கேட்ட ஸ்பீக்கர், வீட்டுக்கு வந்ததும் 'கும்'மென்று இரையும். சேமிப்பைக் கரைத்து வாங்கியவர், அதை மாற்ற அடுத்த செலவுக்குத் தயாராவார். இதில் குற்றவாளி பெரும்பாலும் ஸ்பீக்கர் அல்ல, அறைதான்.

கைதட்டிப் பாருங்கள்

காலி அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். 'டிர்ர்' என்று ஒலி நீள்கிறதா? சிமென்ட் சுவரும் டைல்ஸ் தரையும் ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்புகின்றன. கோயிலின் கல் மண்டபத்தில் நாகஸ்வரத்துக்குக் கம்பீரம் தருவதும் இந்தக் குணம்தான். சின்ன அறையில் அதுவே தொல்லையாகிவிடுகிறது. ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து அதன்மேல் விழுகிறது.

1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கும் இதே தலைவலி. ஃபாக் விரிவுரை அரங்கில் ஒலி அடங்க ஐந்தரை விநாடி ஆனதால், பேசுவது யாருக்கும் புரியவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாளர், வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு ஒலி அடங்குகிறது என்று அளந்தார். அப்படிப் பிறந்த சூத்திரம் இன்றும் பயன்படுகிறது.

அதே கணக்கை நம் வீட்டுக்குப் போடலாம். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடி என்றால் சுவர், தரை, கூரை சேர்த்து 600 சதுர அடி. அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 120 சதுர அடி அளவுக்கு ஒலியை விழுங்கும் பரப்பு இருந்தால், சத்தம் சுமார் 0.4 விநாடியில் அடங்கிவிடும். பாட்டு கேட்க அதுவே போதும்.

எதை வைத்து விழுங்கவைப்பது? தரைக்குக் கனமான ஜமக்காளம், ஜன்னலுக்கு மடிப்பு மடிப்பான தடித்த திரை, பின்சுவர் முழுக்கப் புத்தக அலமாரி. சுவருக்கு, இரண்டு அங்குல ராக் வூல் பலகையைத் துணியால் நன்றாகச் சுற்றி, சுவரிலிருந்து கொஞ்சம் இடைவெளி விட்டு மாட்டலாம். முட்டை அட்டைகளை ஒட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். அவை தாழ்ந்த ஒலியைத் தடுக்காது. தீப்பிடிக்கும் ஆபத்து வேறு.

சதுர அறையின் சங்கடம்

57 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 20 அடி. அதில் சரிபாதி 10 அடி என்பதால், அந்த ஒலி அறையின் சுவர்களுக்கிடையே சிக்கிக்கொண்டு வீங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றேயானால் தொல்லை மூன்று மடங்கு. பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் இரைவது இதனால்தான். 10-க்கு 12 அறை கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். 10-க்கு 10 மட்டுமே என்றால் மூலைகளில் தடித்த ராக் வூல் அடுக்கு வையுங்கள்.

அடுத்தது, இடம். ஸ்பீக்கர்களை முன்சுவரிலிருந்து 2 அடி தள்ளி, ஒன்றுக்கொன்று 5 அடி இடைவெளியில் வையுங்கள். நீங்கள் இரண்டிலிருந்தும் 5 அடி தூரத்தில் உட்காருங்கள். மூன்றும் சேர்ந்தால் சமபக்க முக்கோணம். நாற்காலி அறையின் நட்டநடுவிலோ பின்சுவரை ஒட்டியோ இருக்கக் கூடாது. ஸ்பீக்கரின் சின்ன வட்டம், அதாவது ட்வீட்டர், உங்கள் காது உயரத்தில் இருக்கட்டும்.

பிறகு, வீட்டில் ஒருவரைப் பக்கச்சுவரை ஒட்டிக் கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து எந்த இடத்தில் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அங்கேதான் முதல் பலகையை மாட்ட வேண்டும்.

அருணகிரியார் வைக்கும் பரீட்சை

அறை தேறியதா என்று பார்க்க இந்த ஊரிலேயே ஒரு பரீட்சை இருக்கிறது. அருணகிரிநாதருக்கு முருகன் அடியெடுத்துக் கொடுத்தது திருவண்ணாமலையில் என்பது நம்பிக்கை. 1964-ல் வெளியான 'அருணகிரிநாதர்' படத்தில் டி.எம்.சௌந்தரராஜன் பாடிய 'முத்தைத்தரு' பாடலை ஒலிக்கவிடுங்கள். எழுத்துக்கு எழுத்து அடர்ந்து ஓடும் சந்தத்தில் ஒவ்வொரு சொல்லும் தனித்துக் கேட்க வேண்டும். அது மோனோ காலத்துப் பாட்டு. அதனால், பின்னாளில் ஸ்டீரியோவாக மாற்றப்படாத பதிவில் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் சரியாக நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் முக்கோணம் கோணல்!

அடுத்து, இளையராஜா இசையில் 1978-ல் வந்த 'பிரியா' பாடல்கள். ஸ்டீரியோவில் பதிவான அந்தப் பாடல்களில் வாத்தியங்கள் இடமும் வலமுமாகப் பிரிந்து அமர்வது தெரிந்தால், அறை தேறிவிட்டது.

பக்கத்து வீட்டுக்குப் பரீட்சை வேண்டாம்

ராக் வூலும் திரையும் உள்ளே இருக்கும் ஒலியைச் சீராக்கும். வெளியே போவதைப் பெரிதாகத் தடுக்காது. அதற்குக் கனமான கதவும், இடுக்குகளை அடைக்கும் ரப்பர் பட்டையும் வேண்டும். கதவுக்குக் கீழே அரை அங்குல இடைவெளி இருந்தாலும் சத்தம் தப்பிவிடும். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் அரசு விதித்த வரம்பு.

காதுக்கும் வரம்பு உண்டு. பெரியவர்களுக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதில் அதிகம் பயனடைவது வீட்டுப் பெரியவர்கள். காது மந்தமானவர்களுக்கு எதிரொலிக்கும் அறையில் பேச்சைப் பிரித்தறிவது இன்னும் கஷ்டம். தாத்தா டி.வி. சத்தத்தைக் கூட்டச் சொல்வதற்கு டைல்ஸ் தரையும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே, முதலில் அறையைச் சரிசெய்யுங்கள். ஒரு மாதம் பழைய ஸ்பீக்கரிலேயே கேளுங்கள். அதற்குப் பிறகும் புதியது வேண்டுமென்று தோன்றினால், தாராளமாக வாங்கலாம்.