கொட்டாரமும் கோதுமைக் கப்பலும்

கே.கே. நகரிலிருந்து அரங்கனைச் சேவிக்கச் செல்வோர் பலர், ஆலயத்துள் வட்டமாய் ஓங்கி நிற்கும் கொட்டாரங்களை ஏறிட்டும் பாராமல் கடந்துவிடுகின்றனர். பெருமாளின் தளிகைக்குரிய நெல்லைச் சேமித்த களஞ்சியங்கள் அவை.

களஞ்சியம் வறண்டால் என்னவாகும் என்பதை நாடு 1965-ல் கண்டது. பருவமழை பொய்த்தது, அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களுக்காகப் பாரதம் காத்திருந்தது. வியத்நாம் போரை இந்தியா குறைகூறியதும் அதிபர் ஜான்சனுக்கு உறுத்தவே, தானியம் சிறுகச் சிறுகவே விடுவிக்கப்பட்டது. வாரம் ஒருவேளை உணவைத் துறக்குமாறு பிரதமர் சாஸ்திரி வேண்டினார். ஏகாதசி நோற்றுப் பழகிய இல்லங்களுக்கு அது எளிதாயிருந்திருக்கும். அன்றாடக் கூலிக்கு உழைப்போருக்கு எங்ஙனம் எளிதாகும்?

உணவமைச்சராயிருந்த தமிழர் சி. சுப்பிரமணியம் 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதையைத் தருவித்தார். கப்பலை எதிர்நோக்கும் நிலை படிப்படியாக மாறியது.

திருவரங்கத்தில் 2012 முதல் நாள்முழுதும் அன்னதானம் நடைபெறுகிறது.