கிழித்த தாளே திரையாக

எழுதியதற்காகச் சிறை போனவர்கள் நமக்குத் தெரியும். கிழித்ததற்காகப் போனவர் கோ தான் டே. பர்மாவில் புத்தகங்களின் முதல் பக்கத்தில் ராணுவ ஆட்சியின் முழக்கங்களை அச்சடித்தாக வேண்டும் என்பது கட்டளை. மாண்டலேயில் புத்தகக் கடை வைத்திருந்த இவர் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் விற்றார். 1994இல் பிடித்து உள்ளே போட்டார்கள்.

இந்தச் செயலிலிருந்து ‘கிழிக்கப்பட்ட முதல் பக்கங்கள்’ (2004-08) என்ற வீடியோப் படைப்பை உருவாக்கினார் தில்லிக் கலைஞர் அமர் கன்வார். வாகா எல்லை பற்றிய ‘எ சீசன் அவுட்சைட்’ (1997) ஒரே திரைக்கான படம். இதிலோ 19 வீடியோக்கள், காகிதத் தாள்கள்மேல் ஓடுகின்றன.

எதுக்கு இத்தனை? ஒற்றைத்திரை ஆவணப்படம் எதை முதலில் பார்க்கணும், எங்கே உச்சுக்கொட்டணும் என்று நம்மை வரிசையில் நிறுத்திவிடுகிறது. அந்த வரிசையும் அதிகாரம்தான் என்கிறேன் நான். இங்கே ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று நழுவுகிறது. பார்க்காமல் விட்டதற்குப் பொறுப்பு நம்முடையதாகிறது.

ஒரு பகுதியில், 2004இல் இந்தியா வந்த ராணுவத் தலைவர் தான் ஷ்வே ராஜ்காட்டில் காந்திக்குப் பூ தூவுகிறார். டிவி செய்தியில் இது ராஜமரியாதை. அதே படைப்பில் நாடிழந்த பர்மியர்களும் இருப்பதால், அவரை வரவேற்ற நம் அரசின் முகமும் சேர்ந்தே தெரிகிறது.

2021இல் ராணுவம் அங்கே மறுபடி ஆட்சியைப் பறித்தது. அரசு அச்சடிக்கச் சொல்லும் பக்கம் எந்த ஊரிலும் வரலாம். அப்போது நம்மில் யார் கிழிப்போம் என்பதுதான் இந்தப் படைப்பு கேட்கும் கேள்வி.