வைகையின் கல் வளைவுகள்

திருச்சுழியில் திருமேனிநாதரையும் துணைமாலையம்மையையும் வணங்கிவிட்டுச் சித்திரைப் பௌர்ணமிக்கு மதுரை செல்லும் அன்பர்கள் பலர், கள்ளழகர் வைகையில் எழுந்தருளும் காட்சியைக் காண நாடி நிற்கும் இடம் ஆல்பர்ட் விக்டர் பாலம். விக்டோரியா மகாராணியாரின் பேரனது பெயர் அது. மக்கள் வாய்க்கு ஏ.வி. பாலம்.

1889-இல் எழுந்த பாலம் இது. திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமன், பின்னாளைய ரமண மகரிஷி, தந்தையாரை இழந்து 1892-இல் மதுரைக்கு வந்தபோது பாலத்திற்கு மூன்றே வயது!

கல் வளைவின் சூட்சுமம் எளியது. மேலிருந்து அழுத்தும் பாரமே கற்களை ஒன்றோடொன்று நெருக்கி நிறுத்துகிறது. அதற்குப் பகை பேருந்தின் பாரத்தைவிட, இடுக்கில் புகும் நீரும் வேருமே. பறவை எச்சத்தில் விழுந்த அரச விதை சுண்ணாம்புச் சாந்தில் முளைத்துவிட்டால், தண்டை மட்டும் வெட்டிப் பயனில்லை. உள்ளே வேர் பருத்துக் கல்லைப் பெயர்க்கும்.

“அரசைப் பிடுங்குவது பாவமாயிற்றே” என்று நம் போன்ற முதியோர் தயங்குவதுண்டு. ஆனால் கோபுரத்தில் முளைத்த அரசையும் உழவாரப் பணியில் அகற்றத்தானே செய்கிறோம்? அப்பர் பெருமான் திருக்கரத்தில் ஏந்தியது அந்த உழவாரம்தான். செடி விரலளவாக இருக்கையிலேயே வேரோடு எடுத்துத் திருக்குளக்கரையில் நட்டுவிடலாம். ஐப்பசி மழை தொடங்குமுன் அந்த இடுக்கைச் சாந்திட்டு அடைத்துவிடவும் வேண்டும்.