இருவருக்கு மட்டும் இரண்டு நாட்கள்

நம் குடும்பங்களில் பயணம் என்றாலே அது ஒரு கூட்டத்தின் பயணம்தான். நாகூருக்குச் சென்றாலும், வலீமா விருந்துக்குச் சென்றாலும் வேன் நிறைய ஆள் ஏறும். மாமியார், நாத்தனார், பிள்ளைகள், சோற்றுப் பாத்திரம் என எல்லாம் வரும்; கணவனும் மனைவியும் தனித்துப் பேச ஒரு நாழிகை மட்டும் வாய்க்காது. கடலோர ஊர்ச் சபுராளிகளின் நிலையோ இன்னும் பரிதாபம். இரண்டாண்டுக்கு ஒருமுறை கிட்டும் விடுப்பு, வீட்டு வேலையிலும் விருந்துகளிலும் கரைந்துவிடுகிறது. மணமாகிப் பதினைந்தாண்டு கடந்தும், சேர்ந்து வாழ்ந்த நாட்களைக் கூட்டினால் இரண்டாண்டு தேறாத தம்பதியர் உண்டு.

மணநாளைக் கொண்டாடலாமா, கூடாதா என்னும் விவாதத்திற்குள் நான் நுழையவில்லை. கேக்கும் வேண்டா, பந்தலும் வேண்டா. அந்த நாளையொட்டி இருவர் மட்டும் இரண்டு நாள் வெளியூர் சென்று வருவதில் என்ன குறை?

ஒரு பயணத்தில் உடன் வந்தோரை முன்னே போகச் சொல்லிவிட்டு, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் வைத்த செய்தி ஹதீஸ் நூல்களில் வருகிறது. முதன்முறை அன்னையார் வென்றார்கள். பின்னொரு பயணத்தில் நாயகம் வென்றார்கள். பந்தயத்தை நாம் சுவையாகச் சொல்கிறோம். கூட்டத்தை முன்னே அனுப்பி வைத்ததைக் கவனிப்பதில்லை.

இதற்காக ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஓட வேண்டியதில்லை. நம் காவிரிக் கழனிகள் கடலைத் தொடும் இடத்திலேயே, காரைக்காலுக்குச் சற்று வடக்கே, தரங்கம்பாடி இருக்கிறது. பழைய தஞ்சை மாவட்டத்து ஊர். 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. தஞ்சையிலிருந்து மயிலாடுதுறை வரை இரயிலில் வந்து, அங்கிருந்து பேருந்தில் செல்லலாம். இருமருங்கும் வயல்கள், சன்னலோர இருக்கையை அவருக்கு விட்டுவிடுங்கள்.

1620இல் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று டென்மார்க்கு நாட்டினர் இங்கே டேனிஷ் கோட்டையை எழுப்பினர். மன்னர் டென்மார்க்கு அரசருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் விடுத்த மடல் இன்றும் கோபன்ஹேகனில் பாதுகாக்கப்படுகிறது. 1845இல் ஊர் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. 1861இல் நாகப்பட்டினத்துக்கு இரயில் வந்ததும் வணிகம் அங்கே பெயர்ந்தது. ஊர் வளராமல் நின்ற காரணம் அதுவே. அன்று அவ்வூராருக்கு நேர்ந்த நட்டம், அமைதி தேடி வரும் நமக்கு இன்று ஆதாயமாயிற்று! கோட்டைக்குள் அருங்காட்சியகம் இருக்கிறது. நகர வாயிலைக் கடந்தால் பழைய வீடுகள் நிறைந்த தெரு நேரே கடலுக்கு இட்டுச் செல்லும். கரையில் 1306ஆம் ஆண்டுக் கோயில் ஒன்றின் ஒரு பகுதியை அலைகள் கொண்டுபோய்விட்டன. 2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை இவ்வூரில் பல உயிர்களைப் பறித்தது. ஆகவே கடலைக் கரையிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

"பிள்ளைகளை விட்டுவிட்டு இதென்ன புதுப் பழக்கம்?" என்று வீட்டில் கேள்வி எழும். அதற்கு விடை சொல்ல வேண்டியவர் கணவரே. மனைவியை முன்னிறுத்திவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்ளலாகாது. தம் தாயாரிடம் முன்னதாகவே பணிவுடன் சொல்லி, பிள்ளைகளை அவரிடமோ மனைவியின் உம்மா வீட்டிலோ ஒப்படைத்துவிட்டுக் கிளம்பட்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையைத் தவிர்த்து, சம்பா அறுவடை முடிந்த மாசியில் செல்வது நலம். கீழைக் கடலாதலால் மாலையில் ஞாயிறு மறைவதைக் கடலில் காண இயலாது. பஜ்ருத் தொழுகை முடிந்ததும் இருவருமாகக் கடற்கரைக்கு நடந்துவிடுங்கள்.