கடிகாரத்துக்குள் மரியோ

மேலுறையை உருவியதும் உள்ளே இன்னொரு பெட்டி. அதைத் திறந்தால் சிவப்பு உடலும் பொன்னிற முகத்தகடுமாக ஒரு சின்னக் கருவி. 112 மில்லிமீட்டர் நீளம், 67 மில்லிமீட்டர் அகலம், 12.5 மில்லிமீட்டர் கனம். எடை 68 கிராம். பெரிய கோழிமுட்டை ஒன்றைக் கையில் ஏந்தியிருப்பது போலத்தான் இருக்கிறது. கூடவே சார்ஜ் செய்ய ஒரு யுஎஸ்பி கேபிள். இடது பக்கம் கூட்டல் குறி வடிவில் ஒரு பட்டன், வலது பக்கம் ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு. மேலே வலது மூலையில் மிளகு அளவில் மூன்று பட்டன்கள். அவற்றில் ஒன்றின் பெயர் ‘டைம்’. விளையாட்டுக் கருவியில் மணி பார்க்க எதற்குத் தனி பட்டன் என்று கேட்டால், கதை 40 ஆண்டுகளுக்கும் மேல் பின்னால் போகிறது.

ஜப்பானின் கியோட்டோ நகரத்து நின்டெண்டோ நிறுவனம் 2020 நவம்பர் 13 அன்று வெளியிட்ட ‘கேம் அண்ட் வாட்ச்: சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ இது. சூப்பர் மரியோ ஆட்டம் வந்து 35 ஆண்டு நிறைந்ததைக் கொண்டாடச் செய்த பதிப்பு. 2021 மார்ச் மாத இறுதியோடு கடைகளுக்கு அனுப்புவது நின்றுவிடும் என்று முதலிலேயே அறிவித்துவிட்டுத்தான் விற்றார்கள். அமெரிக்காவில் அப்போது விலை 50 டாலர். மரியோவுக்கு விழா எடுக்க எத்தனையோ வடிவங்கள் இருக்க, இந்தத் தட்டையான வடிவத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் குன்பெய் யோகோய்.

யோகோய் 1965-இல் நின்டெண்டோவில் சேர்ந்தபோது அது சீட்டுக்கட்டு அச்சடிக்கும் கம்பெனி. அந்த இயந்திரங்களைப் பழுதில்லாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. ஓய்வு நேரத்தில் அவர் செய்துவைத்திருந்த, நீண்டு போய்ப் பொருளைப் பிடிக்கும் ஒரு கையைத் தலைவர் ஹிரோஷி யமவுச்சி பார்த்துவிட்டு, அதையே பொம்மையாக்கி விற்கச் சொன்னார். அதற்குப் பிறகு யோகோய்க்கு வேலை பொம்மை செய்வதுதான். எழுபதுகளின் பிற்பகுதியில் ஒருநாள் ஷின்கான்சென் ரயிலில், பொழுது போகாமல் கால்குலேட்டர் பட்டன்களை அழுத்திக்கொண்டிருந்த ஓர் அலுவலகக்காரர் அவர் கண்ணில் பட்டார். பெரியவர்களும் மடியில் வைத்து, அடுத்தவர் கவனிக்காமல், இரண்டு கட்டைவிரலால் ஆடக்கூடிய ஒரு சாதனம் இருந்தால் எப்படியிருக்கும்? கருவி ஏன் படுக்கைவாட்டில் இருக்கிறது, பட்டன்கள் ஏன் இரண்டு ஓரத்திலும் இருக்கின்றன என்பதற்கான விடை அந்த மடியில் இருக்கிறது.

அப்போது கால்குலேட்டர் கம்பெனிகளுக்குள் கடும் விலைப் போட்டி. அதனால் திரவப் படிகத் திரையும் சிப்பும் மலிவாகிப்போயிருந்தன. யோகோய் அந்தச் சரக்கை எடுத்து விளையாட்டாக மாற்றினார். ஷார்ப் நிறுவனம் பாகங்கள் தர, ‘பால்’ என்ற முதல் ஆட்டம் 1980 ஏப்ரல் 28-இல் 5,800 யென் விலைக்கு வந்தது. ஆடாத நேரத்தில் அதுவே கடிகாரம். அதனால்தான் பெயரிலேயே ‘வாட்ச்’. அந்த வரிசைக் கருவிகள் மொத்தம் 4 கோடியே 34 லட்சம் விற்றன.

பழைய கருவியின் திரையைப் புரிந்துகொள்ளக் கால்குலேட்டரின் ‘8’ போதும். ஏழு சின்னக் கோடுகள் ஏற்கனவே அங்கே இருக்கின்றன. எதற்கு மின்சாரம் போகிறதோ அது கறுக்கும். ‘பால்’ ஆட்டமும் அப்படியேதான். பந்து வந்து நிற்கக்கூடிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு வட்டம், ஆளின் கை இருக்கக்கூடிய ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கை, எல்லாம் கண்ணாடிக்குள் முன்பே வார்த்துவைத்தவை. திரையில் எதுவும் நகர்வதில்லை. ஒன்று அணைய, பக்கத்திலுள்ளது கறுக்க, நம் கண்தான் அதைப் பந்தின் பயணமாகக் கோத்துக்கொள்கிறது. ஓரம் பிசிறாத கூர்மை அந்தப் படங்களுக்கு உண்டு. ஆனால் வார்த்ததற்கு மேல் ஒரு படம்கூட அந்தத் திரையில் வராது. ஒரு கருவி, ஓர் ஆட்டம்.

புதிய கருவியில் இருப்பது 2.36 அங்குல வண்ணத் திரை. குறுக்கே 320, நெடுக்கே 240 புள்ளிகள். எந்தப் படத்தையும் வரைய முடியும் என்பதால், இதில் சேர்த்திருக்கும் ‘பால்’ ஆட்டத்தைத் தொடங்கும்போது அது பழைய பாணிக் கறுப்பு உருவங்களை ஓவியமாக வரைந்து காட்டுகிறது. பந்து வழுக்கிக்கொண்டு போக இந்தத் திரையில் தடையேதும் இல்லை. இருந்தும் ஒவ்வொரு ‘டிக்’ ஒலிக்கும் ஒரு தாவல் தாவி நிற்கிறது. செய்தவர்கள் இந்தத் தாவலை விடாமல் வைத்திருந்ததற்காக அவர்களை மனமாரப் பாராட்டத் தோன்றுகிறது.

மரியோ ஆட்டத்தின் கதை வேறு. அது 1985 செப்டம்பர் 13-இல் ‘ஃபாமிகாம்’ என்ற டிவி விளையாட்டுப் பெட்டிக்காக வந்தது. தொண்ணூறுகளில் நம் வீடுகளில் டிவியில் செருகி ஆடிய ‘வீடியோ கேம்’ பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த ஃபாமிகாமைப் பார்த்துச் செய்த நகல்கள்தாம். கேசட் எடுக்கவில்லை என்றால் அடிப்பக்கம் வாயால் ஊதி மறுபடி செருகிய தலைமுறைக்கு, மரியோவின் முதல் கட்டத்தில் எந்தக் குழாய் வழியாகக் கீழே இறங்கலாம் என்பது இன்றும் கைக்குத் தெரியும்.

அந்த முழு ஆட்டமும் 40 கிலோபைட். நிரலுக்கு 32, படங்களுக்கு 8. இன்று செல்பேசியில் எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படத்தின் இடத்தில் இதைப் பல பத்து முறை அடுக்கலாம். இடத்தை மிச்சம் பிடிக்க எத்தனை வேலை பார்த்திருக்கிறார்கள் என்பது கண்ணெதிரே தெரிகிறது: வானத்து மேகத்தின் படமும் தரையிலுள்ள புதரின் படமும் ஒன்றே. நிறம்தான் வேறு.

ஃபாமிகாமின் மூளை, நொடிக்குச் சுமார் 17.9 லட்சம் துடிப்பில் ஓடிய 8 பிட் சிப். இந்தச் சின்னக் கருவியில் இருப்பது 28 கோடித் துடிப்பு வரை ஓடக்கூடிய வேறு இனத்துச் சிப். பழைய சிப்பின் கட்டளைகள் இதற்கு அந்நிய மொழி. ஆகவே நடுவில் ஒரு துபாஷி வேண்டும். எமுலேட்டர் என்ற மென்பொருள்தான் அந்தத் துபாஷி. பழைய கட்டளையை ஒவ்வொன்றாகப் படிக்கிறது, அந்தச் சிப் என்ன செய்திருக்குமோ அதையே புதிய சிப்பைச் செய்யவைக்கிறது. படம் வரைந்த சிப், ஒலி எழுப்பிய பகுதி எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்த வேலையை நொடிக்கு 60 படம் என்ற கணக்கில், தாளம் தப்பாமல் செய்ய வேண்டும். தப்பினால் மரியோவின் குதிப்பு பிந்தும். பழகிய கை அதை உடனே கண்டுபிடித்துவிடும். இங்கே குதிப்பு பிந்தவில்லை.

கருவி கடைக்கு வருவதற்கு முந்தைய நாளே ஒரு வன்பொருள் ஆய்வாளர் அதைப் பிரித்து, பூட்டை உடைத்து உள்ளே புகுந்துவிட்டார். பிறகு அதில் ‘டூம்’ ஆட்டத்தையும் ஓடவைத்துக் காட்டினார்கள். அதன்மூலம் உள்ளே இருப்பது என்ன என்று எல்லோருக்கும் தெரிந்தது: தொழிற்சாலைக் கருவிகளுக்கும் வீட்டுச் சாதனங்களுக்கும் வாங்கிப் பொருத்துகிற ரகத்தைச் சேர்ந்த ஒரு மைக்ரோகன்ட்ரோலர், பக்கத்தில் வெறும் 1 மெகாபைட் நினைவகம். அவ்வளவுதான். சிலர் இதில் ஏமாற்றம் அடைந்தார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றியது. ‘பழுத்துக் காய்ந்த தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் யோசிப்பது’ என்று யோகோய் தன் வழியைச் சொல்வார். எல்லோருக்கும் பழகிப்போய், விலை இறங்கி, குணம் தெரிந்த பாகத்தை எடுத்து, யாரும் நினைக்காத இடத்தில் வைப்பது. 1997-இல் சாலை விபத்தில் இறந்த அந்த மனிதரின் சாயலை இந்தக் கருவியின் பொன்னிறத் தகட்டில் தேட வேண்டியதில்லை. திருகாணிகளைக் கழற்றினால் அந்தச் சாதாரணச் சிப்பில் இருக்கிறது.

முகத்தகட்டில் ஒரு கால முரண் இருப்பதையும் சொல்ல வேண்டும். 1980-இன் ‘பால்’ கருவியில் கூட்டல் குறி பட்டன் கிடையாது. அது 1982-இல் ‘டாங்கி காங்’ கருவிக்காக யோகோய் குழுவினர் கொண்டுவந்தது. இன்று உலகத்தின் பெரும்பாலான ஆட்டக் கருவிகளிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. அது இல்லாமல் மரியோவை ஆட முடியாது என்பதால், பழைய முகத்தில் பிந்திய காலத்துப் பட்டனைப் பொருத்தியிருக்கிறார்கள். பொருத்தம் அழகாகவே இருக்கிறது.

இப்போது ‘டைம்’ பட்டனுக்கு வருவோம். அழுத்தினால் செங்கல்லால் கட்டிய எண்களில் மணி தெரிகிறது. கீழே மரியோ ஓடுகிறார், எதிரிகளை மிதிக்கிறார், நிமிடம் மாறும்போது செங்கல் எண்ணும் மாறுகிறது. பகலில் வானம் நீலம், இரவில் கறுப்பு. இந்தக் கடிகாரத்துக்குள் 35 சின்னச் சின்ன ஆச்சரியங்களை ஒளித்துவைத்திருப்பதாக நிறுவனமே சொல்கிறது. எப்போது எது வரும் என்று பட்டியல் கொடுக்கவில்லை. முதல் நாள் இரவு ‘பால்’ ஆட்டத்தின் இரண்டாவது வகையில், மூன்று பந்துகளையும் கொஞ்ச நேரம் காற்றில் நிறுத்திவைத்திருந்தேன். ஒன்று விழுந்தது. ‘டைம்’ பட்டனை அழுத்திப் பார்த்தால் வானம் கறுத்திருந்தது, மணி 11:52.